பிள்ளையார் கம்பத்தில் பதிந்த உங்கள் கை

தேத்தண்ணி குடிக்காமல் யாரோடும் பேசாத என் அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் கம்பத்தடிக்குத்தான் போனேன். அடுப்பில் கேத்தலைக்கூட வைக்கவில்லை. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டு, மேட்டுச் சந்திக்கு ஏறினேன். ஓட்டோ ஒன்றும் வந்திருக்கவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் கதவைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்.

கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். பெரிய காற்று இல்லை. எதிர்மலைத் தேயிலையின் மேல் கிடந்த மூட்டத்தை மெல்லத் தள்ளிக்கொண்டு போகிற காற்றுதான். ஆனாலும் கம்பம் நடுங்கிக்கொண்டிருந்தது. பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியும். காதை வைத்தால், பூட்டிய அறைக்குள் யாரோ முனகுவது மாதிரி ஒரு சத்தம்.

"பிள்ளையார் பாடுறாரு" என்பீர்கள் நீங்கள். ஸ்டாண்டில் புதிதாகச் சேருகிற ஓட்டோக்காரர்களைக் கூட்டிப்போய்க் காதை வைத்துக் கேட்கச் சொல்வீர்களாம். எனக்கு அந்தப் பாட்டு என்றைக்குமே பிடித்ததில்லை, அண்ணே.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஆண்டுத் திதி. ஸ்டாண்டுக்காரர்கள் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். செல்வம் அண்ணன்தான் முன்னின்று செய்கிறார். உங்களைத் தன் ஓட்டோவில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே செல்வம் அண்ணன். "தங்கச்சி, நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அண்ணனப் பத்தி நல்லதா எழுதுங்க" என்றார். நல்லதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களிடம் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம் கம்பத்தைப் பற்றித்தான். அதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

மலரைப் படிக்கிற எல்லோருக்கும் பழைய கதை தெரிந்திருக்காது. பொகவந்தலாவைக்குப் போகிற பாதையை அகலப்படுத்திய வருடம், எங்கள் பஸார் நெடுக உயரமான இரும்புக் கம்பங்கள் நட்டார்கள். திறந்துவைக்கப் பெரிய ஆள் வருகிறார் என்று ஒரே அவசரம். கம்பங்கள் வந்துவிட்டன. மேலே பூட்ட வேண்டிய விளக்குகள் வரவில்லை. பரவாயில்லை, நாட்டுங்கள் என்றார்கள். விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் கம்பங்கள் தலையில்லாமல் நின்றன. ஒரு காற்றுக்காலம் முழுக்க அப்படியே நின்றன. ஊர்ச்சனம் அவற்றுக்கு மொட்டைக் கம்பம் என்று பேர் வைத்தது.

நான் அப்போது நுவரெலியாவில் வேலை. லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அண்ணாந்து பார்த்தேன். காற்று பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. கம்பத்தின் நுனி அதற்குக் குறுக்கே, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே உங்களிடம் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா?

"அண்ணே, வெளக்கு வராம இந்தக் கம்பத்த நட்டே இருக்கக் கூடாது. தலையில பாரம் இல்லாட்டி சும்மா காத்துக்கே ஆடும். ஆடி ஆடி, அடியில வெல்டிங் விட்டுரும்."

"போன கெழம அடிச்ச புயலுக்கே ஒண்ணும் ஆகல புள்ள."

"புயல் எப்பவாச்சும் வருது. இந்தக் காத்து நாள் முழுக்க வருதே."

நீங்கள் ஓட்டோவின் ஆசனத்துக்குக் கீழே இருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்தீர்கள். இப்படியும் அப்படியுமாக மடக்கினீர்கள். அது சூடேறி, பட்டென்று இரண்டாக ஒடிந்தது. இரண்டு துண்டையும் என் கையில் வைத்தீர்கள். "இதத்தானே சொல்ற? குறடு இல்லாட்டி நாங்க இப்படித்தான் ஒடைப்போம். இதப் படிக்கவா இஞ்சினியரம்மா கண்டி வரைக்கும் போனீங்க?" பக்கத்தில் நின்ற அண்ணி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

நான் சொன்னது அதைத்தான். ஒரு தரம் மடக்கினால் கம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை. விட்டுவிட்டால் நேராகிவிடும். அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே அது கணக்கு வைத்துக்கொள்கிறது. உலோகக் களைப்பு என்று எங்கள் பாடத்தில் அதற்குப் பேர். நான் மேலிடத்துக்கு எழுதியும் பார்த்தேன். விளக்குகள் கப்பலில் வருகின்றன என்றார்கள். வரத்தான் வந்தன, காற்றுக்காலம் முடிந்து.

விளக்கு பூட்டியதும் ஆட்டம் குறைந்தது. ஓட்டோ ஸ்டாண்ட் மேட்டுச் சந்திக் கம்பத்தடிக்கு வந்தது. அப்புறம்தான் உங்களுக்கு வேறொரு தொல்லை ஆரம்பித்தது. சாராயக் கடையிலிருந்து வெளியே வருகிறவன் எல்லாம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒன்றுக்கு அடித்தான். நாற்றத்தில் ஓட்டோவில் யாரும் ஏற மாட்டேன் என்றார்கள். நீங்கள் ஹட்டனுக்குப் போய் ஒரு பிள்ளையாரை வாங்கி வந்தீர்கள். கம்பத்தின் காலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சீமெந்துப் பீடம் கட்டினீர்கள். இரும்புச் சாமான் கடை முதலாளி குளியலறைக்குப் போட்டு மிஞ்சிய நீல ஓடுகளைக் கொடுத்தார். மூன்று பக்கமும் ஓடு பதித்தாயிற்று. மலைச்சரிவைப் பார்க்கிற பக்கத்துக்கு ஓடு போதவில்லை. அங்கே வெறும் சீமெந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் உங்கள் வலது கையை அழுத்திவிட்டீர்கள்.

அதோடு நாற்றம் நின்றது. அடுத்த லீவுக்கு நான் வந்தபோது உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அண்ணே, அடித்தட்டு, நட்டு எல்லாத்தையும் மூடிட்டீங்களே. தண்ணி உள்ள எறங்கினா வெளிய வர வழியில்ல. இனி அத எப்படித் தொறந்து பாக்குறது?"

"எதுக்குப் பாக்கணும்? கண்டவன் மூத்தரத்துல கம்பம் துருப்புடிக்காம காப்பாத்துனவன் நான். ஒங்க ஆபீஸ்ல எனக்கு மால போடணும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உங்களோடு சண்டை பிடிப்பதில் இதுதான் கஷ்டம். நீங்கள் சொன்னதிலும் பாதி சரியாக இருக்கும்.

பிறகு நீங்கள் போனீர்கள். நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி, காற்றுப் பிடித்திருக்கிறது என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டு, அந்தக் கம்பத்தடியிலேயே சாய்ந்தீர்கள். டாக்டர் அண்ணியிடம் சிங்களத்தில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். இது நேற்று இன்று வந்ததில்லை, நெடுநாளாக இருந்திருக்கிறது என்றார். போய்க் காட்டச் சொல்லி நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்? "காட்டிட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்னா, போன நேரத்த யாரு குடுப்பா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். இந்த மாதம் ஊரே அதைத்தான் என்னிடம் கேட்கிறது.

நீங்கள் போன பின் இடமாற்றம் கேட்டு இங்கேயே வந்துவிட்டேன். இப்போது இந்தப் பஸாரின் விளக்குக் கம்பங்கள் எல்லாம் என் பொறுப்பு. காற்று ஏறுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். நட்டுகளை முடுக்குகிறேன். அடித்தட்டில் சேறும் சருகும் சேர்ந்திருந்தால் வழிக்கிறேன். அதிகம் ஆடுகிற கம்பங்களுக்குள் ஒரு சங்கிலியை ரப்பர் குழாய்க்குள் நுழைத்து மேலிருந்து தொங்கவிட்டிருக்கிறேன். கம்பம் ஆடத் தொடங்கினால் சங்கிலி உள்ளே இடித்து ஆட்டத்தை அடக்கும். டொக் டொக் என்று சத்தம் வருகிறது. "தங்கச்சி கம்பத்துக்கெல்லாம் கொலுசு போட்டு வுட்டுருச்சு" என்று உங்கள் ஸ்டாண்டில் சிரிக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் இதைவிட மோசமாக ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

வளைவில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு கம்பம் இருந்ததே, அதைப் பார்க்கும்போதுதான் இது தொடங்கியது. காலில் பெயின்றைச் சுரண்டி, வெல்டிங்கைத் துடைத்து, சிவப்புச் சாயம் பூசினேன். சாயம் விரிசலுக்குள் இறங்கும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி போட்டால், உள்ளே போனது மட்டும் மெல்ல வெளியே ஊறி வரும். செல்வம் அண்ணன் ஓட்டோவை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, கம்பத்துக்குப் பொட்டு வைக்கிறீங்க? கல்யாணம் எப்ப?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. மாப்பிள்ள வாராரான்னு பாப்போம்."

வந்தது. வெள்ளைப் பொடியில் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு, வெல்டிங்கை ஒட்டி வளைந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. அவர் ஓட்டோவை விட்டு இறங்கி வந்து, குனிந்து பார்த்தார். பிறகு, "இதுவா? இம்புட்டுக் கோட்டுக்கா கம்பத்தக் கழட்டப் போறீங்க?" என்றார்.

கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து வளைவு இருட்டு. தையல் ஆலையிலிருந்து இருட்டில் வருகிற பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நின்றுகொண்டிருந்த கம்பத்தை நான் படுக்கப்போட்டேன், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

அண்ணே, அந்தக் கம்பமும் உங்கள் கம்பமும் ஒரே லொறியில் வந்தவை. ஒரே காற்றில் மொட்டையாக நின்றவை. உங்களுடையதின் காலில் மழைத்தண்ணீர் வேறு தேங்குகிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு வருடாவருடம் அதிலிருந்துதான் கொடிக்கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். அதன் கீழேதான் ஸ்டாண்ட் முழுக்க நிற்கிறது. மழைக்குச் சனம் ஒதுங்குவதும் அங்கேதான். உள்ளே கோடு இருக்கிறதா, இல்லையா? பீடத்தை உடைத்தால்தான் தெரியும்.

இதற்கிடையில் போன கிழமை செல்வம் அண்ணன் உங்கள் படம் போட்ட பெரிய பெனர் ஒன்றைக் கொண்டுவந்து என் முற்றத்தில் விரித்தார். நீங்கள் ஓட்டோவில் சாய்ந்தபடி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். முற்றம் முழுக்க நீங்கள்தான். அண்ணியும் வந்து பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

"திதி அன்னைக்குக் கம்பத்துல ஒசக்கக் கட்டப் போறோம். கீழ டவுன்ல இருந்தே தெரியணும்."

"கம்பத்துல வேணாம்ணே. இது கப்பல் பாய் மாதிரி. காத்த முழுக்கப் புடிச்சு இழுக்கும்."

"சொந்த அண்ணன் படம் தங்கச்சி."

"அண்ணனே ஏறி நின்னாலும் அந்தக் கம்பம் தாங்காதுங்கிறேன்."

வாய்தவறி வந்துவிட்டது. அவர் பெனரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது, "படிச்சவங்களுக்குக் கம்பம்தான் சொந்தம் போல" என்றார். மறுநாள் தையல்கடைச் சுவரில் கட்ட ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பீடத்தை உடைக்க வேண்டும் என்றதும் ஸ்டாண்டுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் எழுந்து பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், நான் அப்போதே கையில் சுத்தியலோடு வந்த மாதிரி.

மேலதிகாரிக்கு போன் போட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர். "பிள்ளை, நீர் சொல்லுறது சரிதான். ஆனா கோயில் விசயம், அதிலயும் உம்மட அண்ணன்ர திவசம். அது முடியட்டும், ஆற அமரப் பாப்பம். சனத்தோட கொழுவிச் சண்டை பிடியாதையும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காற்றுக்குத்தான் அது தெரியாது.

கடைசியாக அண்ணியிடம் போனேன். கொழுந்து பறிக்கிற கூடையின் அறுந்த கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"ஒங்கண்ணன் வேற எங்க இருக்காரு தங்கச்சி? சட்டையெல்லாம் தோய்ச்சாச்சு, அதுல வாசமே இல்ல. ஓட்டோவும் கைமாறிப் போச்சு. மலைக்கு ஏறுறப்ப தெனம் அந்தக் கையில என் கைய வச்சிட்டுத்தான் போறேன். காலையில சில்லுன்னு இருக்கும். அவரு கையும் அப்படித்தான் இருக்கும்."

"கம்பம் விழுந்துட்டா என்னா பண்றது அண்ணி?"

"விழுமா?"

"தெரியல. தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

"தெரியாத ஒண்ணுக்கா அத ஒடைக்கணும்ங்கிறீங்க?"

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், அண்ணே? விழுந்த கம்பத்தை ஊரே வந்து பார்க்கும். விழாமல் தடுத்த கம்பத்தை யார் பார்ப்பார்கள்? என் வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்காகத்தான் இத்தனை வருடமாக இந்த மழையிலும் பனியிலும் குந்திக் குந்தி நட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் இப்போது படியிறங்கும்போது கத்துகிறது. அது பெரிதில்லை. ஒவ்வொரு தரமும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதுதான் ஆளை அயர வைக்கிறது. சில நாட்களில் எழுத்து மேசையில் தலையைச் சாய்த்து, ஆடினால் ஆடட்டும், எனக்கென்ன என்று நினைக்கிறேன். அடுத்த காற்றுக்கு எழுந்து ஜன்னலைப் பார்க்கிறேன்.

இன்று காலை மலைச்சரிவுப் பக்கமாகப் போய், உங்கள் கைப்பதிவையும் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் சீமெந்து லேசாக வெடித்திருக்கிறது. மேல்பூச்சு மட்டும் வெடித்ததாக இருக்கலாம், உள்ளே இரும்பு அசைவதாலும் இருக்கலாம். ஈரம் கசிந்து, பெருவிரலுக்குக் கீழே துருவின் நிறத்தில் ஒரு தடம். என் கையை அதில் வைத்தேன். அண்ணி சொன்னது உண்மைதான். சில்லென்று இருந்தது. ஆனால் எனக்கு அதற்குக் கீழே அந்த நடுக்கமும் தெரிந்தது. அண்ணிக்கு அது தெரிந்திருக்குமா? உங்கள் நாடி என்று நினைத்திருப்பாரோ?

அங்கேயே முடிவெடுத்துவிட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. செல்வம் அண்ணனிடம் இல்லை, அண்ணியிடம் இல்லை, பக்கத்திலேயே இருந்த பிள்ளையாரிடமும் இல்லை. இது அச்சாகி உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கப்படும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், திட்ட வேண்டியதையும் திட்டி முடித்திருப்பார்கள்.

நாளைக் காலை, ஓட்டோக்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போன பிறகு, ஸ்டாண்ட் காலியாக இருக்கிற நேரத்தில், நான் அந்தப் பீடத்தை உடைக்கப் போகிறேன். என் கையாட்களை அனுப்ப மாட்டேன். அவர்கள் இதே ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியவர்கள். உத்தரவிலும் என் கையெழுத்து, சுத்தியலிலும் என் கை. பிள்ளையாரை முதலில் எடுத்து, தையல்கடைச் சுவரோரம் உங்கள் படம் கட்டப்போகிற இடத்துக்குக் கீழே இருக்கிற கல்லில் வைப்பேன். சாராயக் கடையிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கேயும் அவர் கண்ணில் படுவார். பிறகு ஓடுகள். கடைசியில் உங்கள் கை. உளியைச் சுற்றிவரக் கொடுத்து அதை முழுசாகப் பெயர்க்கப் பார்ப்பேன். வந்தால் அண்ணியின் வாசற்படியில் பதித்துக் கொடுப்பேன். வராமல் தூளாகப் போனால், அந்தத் தூளை அள்ளிக்கொண்டு போய் அண்ணிக்கு முன்னால் நிற்பேன்.

கோடு இருந்தால் கம்பம் அன்றைக்கே இறங்கும். உங்கள் திதி இருட்டில் நடக்கும். கோடு இல்லாவிட்டால்? அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால், 'ஒன்றும் இல்லை, சும்மாதான் உடைத்தேன்' என்று ஸ்டாண்டுக்கு நடுவில் நின்று என் வாயாலேயே சொல்வேன். உங்களுக்குச் செய்து பார்க்கக் கிடைக்காத சோதனையை உங்கள் கம்பத்துக்காவது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். போன நேரத்தை யார் கொடுப்பார் என்று கேட்டீர்களே, நான் கொடுக்கிறேன் அண்ணே.

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். நான் இங்கே இருக்கும்வரை அந்த இடத்தில் நிற்கிற கம்பத்தின் கால் திறந்தே இருக்கும். ஒவ்வொரு காற்றுக்காலத்துக்கும் முன்னால் நான் வந்து அதைத் தொட்டுப் பார்ப்பேன். காதை வைத்துக் கேட்பேன். அது பாடினால் உங்களை மாதிரி ரசிக்க மாட்டேன்.

கேத்தல் கொதிக்கிறது. இனித்தான் தேத்தண்ணி.

ஒடிந்த கம்பித் துண்டுகள் இரண்டையும் இன்னும் வைத்திருக்கிற உங்கள் தங்கச்சி,
கோமதி